தொரை கையெழுத்துப் போட்ட காயிதம்

எங்க அம்மைய ஆணியில இருந்து எறக்கி அரிசிப் பானைக்க மேல வச்சிருக்காவ!

பதறாதீங்க, அம்மை செத்து இருவது வருசமாச்சு. எறக்குனது போட்டோவ. நடு ஹாலுல, வாசலுக்கு நேரா, அம்மை இருந்த ஆணியில கண்ணாடி போட்ட பழைய காயிதம் ஒண்ணு தொங்குது. அதுக்கு முன்னால கையக் கட்டிட்டு இவிய நிக்காவ. இவியன்னா எனக்க வீட்டுக்காரரு, சுந்தர்சிங்கு.

"என்ன வேலை காட்டி வச்சிருக்கிய? அது எனக்க அம்மையில்லா?"

"உனக்க அம்மை என்ன, ரயிலு ஓட்டுனாளா?"

இந்தப் பேச்சுதான். கெட்டுன நாள்ல இருந்து நாப்பத்தேழு வருசமா இதே பேச்சு. இவியளுக்க பாட்டா ஏசுஅடிமை செங்கோட்டை லைனுல எஞ்சின் ஓட்டுனாராம். நம்ம ஊருக்கு ரயிலு வந்ததே எனக்க மூத்தவன் பள்ளிக்கூடம் முடிக்கச்சதான். அதுக்கு முன்னால இவிய ரயிலையே கண்டதில்ல, ஆனா பேச்சுல புகை வரும். நெய்யூர் ஆஸ்பத்திரியில பல்லு புடுங்கப் போனாவ. வாயில பஞ்ச வச்ச பெறவும் டாக்டருகிட்ட பாட்டா கதை. டாக்டருக்கு ரயிலுன்னது மட்டும் வெளங்கிச்சு. "ஸ்டேசனுக்கு ஆட்டோ வேணுமா ஐயா"ன்னு கேட்டாரு. பல்லும் போச்சு, மானமும் போச்சு.

சாளை மீன் வாங்கினா, "ரயிலு ஓட்டுன குடும்பத்துக்கு சாளையா?" ஆடு வருது, வெளிகேட்ட சாத்துங்கன்னா, "எஞ்சின் ஓட்டுனவருக்க பேரன் கேட்டு சாத்தவா?" நான்தான் ஓடணும். நாப்பத்தேழு வருசத்துல எத்தன வாழைக்கன்ன ஆடு தின்னிருக்கும்! அந்த ஆட்டுக்காரி இருக்காளே, அவ கதை தனி. அது கெடக்கட்டும்.

குடும்ப யோகம்னு எங்களுக்குள்ள ஒரு வழக்கம். வருசத்துக்கு ஒருக்கா வம்சத்துல உள்ளவிய எல்லாம் ஒரு வீட்டுல கூடி, ஜெபம் பண்ணி, மூத்தவிய சரித்திரத்த வாசிச்சு, சாப்பிட்டு, சண்டை போட்டுட்டுப் பிரிவோம். அந்த வருசம், ரெண்டாயிரத்து ஒம்பது, எங்க வீட்டு முறை. சரித்திரம் வாசிக்கது இவிய.

விடுவாவளா? சபையில ஞானஸ்நான ரிஜிஸ்டர பெரட்டுனாவ. பாட்டா பேரு இருக்கு, வேலை எழுதுன எடத்த கரையான் தின்னுட்டு. குடும்ப பைபிளுக்க கடைசிப் பக்கத்துல மாமனாரு பொறந்த தேதி இருக்கு, 'செங்கோட்டை லைனில் பிறந்தான்'னு இருக்கு. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. கடைசியில எனக்க மாமியாருக்க தகரப்பெட்டியில கெடைச்சிருக்கு இந்தக் காயிதம். ரெயில்வே முத்திரை, டைப் அடிச்ச இங்கிலீசு, கீழ தொரை கையெழுத்து.

"அவார்டுட்டி! தொரை சும்மா கையெழுத்துப் போடுவானா?"

"ஆருகிட்டயாவது குடுத்து வாசிச்சியளா?"

"முன்னாலயே வாசிச்சா யோகத்துல ருசி போயிரும். ரெனிஷா வாசிப்பா, எல்லாரும் கேப்பாவ."

ரெனிஷா எங்க பேத்தி. இங்கிலீசு மீடியம். இவியளுக்கு இங்கிலீசுல தனக்க பேரும் பாட்டா பேரும்தான் தெரியும். அந்தக் காயிதத்த கருங்கல் டவுனுக்குக் கொண்டு போய், தங்கக் கலர்ல பிரேம் போட்டு மாட்டியாச்சு.

மறுநா காலத்த எழும்பி இவிய குளிக்கப் போன நேரம், கண்ணாடி தொடைக்க மாதிரி எடுத்துட்டு மதிலுகிட்ட போனேன். பக்கத்து வீட்டு செல்லபாய் டீச்சரு. ரிட்டயர் ஆனாலும் கையில செவப்பு மை கெடக்கும்.

"இத வாசி மக்கா."

வாசிச்சா. மூக்குக் கண்ணாடியக் கழத்துனா. மறுபடியும் போட்டு வாசிச்சா.

"யக்கா, இது அவார்டு இல்ல. மெமோ!"

"அப்படின்னா?"

"ஏச்சு. எழுதிக் குடுத்த ஏச்சு. உங்க வீட்டுக்காரருக்க பாட்டா டிரைவரு இல்ல, ரயில்வே கேட்டுக்காரரு. பத்தேகாலு வண்டி வரச்ச கேட்டுப் பக்கத்துல உறங்கிட்டு கெடந்திருக்காரு. அவருக்க பெஞ்சாதி ஞானப்பூ, இடுப்புல பிள்ளையோட, கேட்ட சாத்தி கொடி காட்டியிருக்கா. விசாரிச்சா, ரெண்டு வருசமா இதே கதையாம். அந்தப் பொம்பளைய தொரை மெச்சியிருக்கான். இவரு இனியும் உறங்குனா வேலை இல்லையாம்."

ரெண்டு வருசம்! பிள்ளையயும் இடுக்கிட்டு! அந்த மனுசன் உறங்க, பேரு மட்டும் எஞ்சின் டிரைவரு!

இருந்தாலும் கெட்டுன பாவம். காப்பி குடுக்கச்ச ஒரு வார்த்த சொன்னேன்.

"ஒருக்கா வாசிச்சுப் பாத்துருங்களேன்."

"பொறாமை! உங்க வீட்டுல எவன் தொரை கையெழுத்தக் கண்டான்?"

சரி, போதும்னு நெனச்சேன்.

"அப்பம் ஒரு பேச்சு. யோகத்துல வாசிக்கட்டும். அவார்டுன்னா எங்க அம்மை அடுக்களையிலயே இருக்கட்டும். இல்லன்னா அம்மை ஆணிக்கு வருவா, யோகம் முடிஞ்ச மறுநா முதல் வெளிகேட்டு உங்க பொறுப்பு. சம்மதமா?"

"கையில அடிச்சு சத்தியம்ட்டி!" சிரிச்சாவ. பல்லு போன எடம் வரைக்கும் தெரிஞ்சுது.

யோகத்தன்னைக்கு நாப்பது பேரு. அவிச்ச மரச்சீனிக் கெழங்கும் கடியப்பட்டணத்து நெய்மீன் கொழம்பும். ஜெபம் முடிஞ்சு, பசி தாங்காதவிய மரச்சீனியில கை வச்சதும் இவிய புது வேட்டியில எழும்பி, "வாசி மக்கா, சத்தமா!"ன்னாவ.

ரெனிஷா ரெண்டு வரி இங்கிலீசுல வாசிச்சா. நின்னுட்டா.

"பாட்டா... வேண்டாம்."

"வெக்கப்படாத! தமிழ்ல சொல்லு, எல்லாருக்கும் வெளங்கட்டும்!"

சொன்னா. பிள்ளை பாவம், ஒரு வார்த்தையும் விடாம சொன்னா. 'உறங்கிக் கிடந்தான்'னு சொல்லச்ச மரச்சீனி வாய்க்குப் போற வழியிலயே நின்னுட்டு. இவியளுக்க மொகம் வேட்டியவிட வெளுத்துப் போச்சு.

இவியளுக்க தம்பி ஆன்ட்ரூஸ்தான் மொதல்ல வாயத் தொறந்தான். "அண்ணே, அப்பம் எஞ்சின ஓட்டுனது ஆரு?"

"எவனோ ஓட்டுனான்!"

"பாட்டா?"

"அவரு... வண்டிக்கு வழி விட்டாரு!"

"உறங்கிட்டேயா?"

அவ்வளவுதான். மச்சினிமாரு சிரிச்ச சிரிப்புல பந்தலுத் துணி ஆடிச்சு. நான் சிரிக்கல. எழும்பிப் போய் அம்மைய எடுத்துட்டு வந்து ஆணியில மாட்டுனேன். ஞானப்பூ பாட்டிக்கு போட்டோ கெடையாது, அதனால அந்த மெமோவ அம்மை பக்கத்துலயே இன்னொரு ஆணி அடிச்சுத் தொங்க விட்டேன். இவிய என்னையே பாத்தாவ.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"வாசிச்சுப் பாருங்கன்னு சொன்னேனா இல்லையா?"

மறுநா காலத்த, சொன்ன சொல்லு மாறாம, பிளாஸ்டிக் சேரத் தூக்கிட்டு கேட்டுகிட்ட போனாவ. எனக்கே மனசு எளகிட்டு. பத்து மணி இருக்கும். மீன் சட்டிய இடுப்புல வச்சுட்டு வாசல் முத்தத்துக்கு வாறேன், வாழைக்கன்னுல ரெண்டு ஆடு. கேட்டு பப்பரப்பான்னு தொறந்து கெடக்கு. இவிய சேர்ல வாயத் தொறந்துட்டு கொறட்டை.

நாந்தான் ஆட்ட வெரட்டுனேன். சட்டிய இடுக்கிட்டே நாந்தான் கேட்ட சாத்துனேன். அப்புறம் மெதுவா ரெனிஷாவக் கூப்பிட்டேன்.

"ஒரு காயிதமும் பேனாவும் எடு மக்கா. ஒரு மெமோ எழுதணும்."

"இங்கிலீசுலயா பாட்டி?"

"வேண்டாம், தமிழ்லயே எழுது. இந்தத் தடவ பிரேம் போட முன்னால உனக்க பாட்டாவும் ஒருக்கா வாசிக்கட்டும்."