மாமனார் போனில் கொஞ்சம் இடம்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று வாய் திறந்து சொல்ல முப்பது வயதாக வேண்டியிருந்தது. அதுவரை யாரும் கேட்கவில்லை என்பதல்ல. கேட்பதற்குள் நானே முந்திக்கொண்டு, தெரியும் என்று சொல்லிவிடுவேன்.

அப்போது சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பெண் பார்க்கப் போன இடத்தில் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டேன். கம்பெனியில் நான் பார்த்தது ஊழியர்களின் வருகைப் பதிவு. யார் லீவு, யார் லேட் என்று எக்செல்லில் தட்டுவதுதான் முழு வேலையும். (கம்ப்யூட்டர் கம்பெனில கம்ப்யூட்டர் முன்னாடிதானே குந்திக்கினு இருந்தேன், அதுல பொய் இன்னா இருக்கு?)

மனைவி அமுதாவுக்கு ஊர் கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரம். கல்யாணமான மூன்றாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போனோம். ஆபீஸ் லேப்டாப்பையும் எடுத்துப் போயிருந்தேன். வேலை எதுவும் இல்லை; தோளில் தொங்கினால் ஒரு மதிப்பு.

போன நேரத்தில் மாமனார் கிளம்பிக்கொண்டிருந்தார். மலையிலிருந்து இறங்கிய காட்டுப்பன்றிகள் அவருடைய மக்காச்சோளக் கொல்லையில் பாதியைக் கிளறிப் போட்டிருந்தன. நிவாரணம் கேட்டு மறுநாள் மனு கொடுக்க வேண்டும். சேதத்தின் படங்களை சிடியில் போட்டு இணைக்க வேண்டும். படமெல்லாம் அவர் போனில் இருந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து சிடி போட்டு வரப் புறப்பட்டவரை நான்தான் நிறுத்தினேன்.

"எதுக்கு மாமா அலையறீங்க? நம்மகிட்ட லேப்டாப் இருக்கு. கேபிள சொருகினா அஞ்சு நிமிஷம்."

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. பக்கத்துக் கொல்லைக்காரரைக் கூப்பிட்டு, "மாப்ளயே போட்டுத் தரேன்றாரு" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சொருகினேன். போன் ஒரு சத்தம் போட்டது. பேட்டரி படத்தில் பச்சை ஏறியது. லேப்டாப்போ எதுவுமே நடக்காததுபோல் இருந்தது. கழற்றித் துடைத்துச் சொருகினேன். வலப்பக்க ஓட்டை, இடப்பக்க ஓட்டை. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். போனை அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் போன் மேல்புறத்தில் ஏதோ ஒரு அறிவிப்பு வந்தது. மாமனார் போனைத் தமிழில் வைத்திருந்தார். ஆங்கிலத்தில் இருந்தாலாவது புரிந்த மாதிரி நடிக்கலாம். நான் அதைப் படிக்காமலே விரலால் தள்ளிவிட்டேன்.

"கேபிள் சரியில்ல மாமா" என்று தீர்ப்புச் சொல்லி, அவருடைய மொபெட்டில் கச்சிராயபாளையம் போய்ப் புதிது வாங்கி வந்தேன். அதே பச்சை. அதுவும் சரியில்லை என்று கள்ளக்குறிச்சி வரை போய், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் விலை உயர்ந்ததாக இன்னொன்று வாங்கினேன். அந்தக் கடைக்கு இரண்டு கடை தள்ளித்தான் அவர் சொன்ன ஸ்டுடியோ. திறந்துதான் இருந்தது. போன் வீட்டில் இருந்தது.

திரும்பி வந்தபோது மதியமாகிவிட்டது. சமையலறை வாசலில் அத்தை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். புது மருமகனிடம் அவர் நேராகப் பேசுவதில்லை. எல்லாம் அமுதா வழியாகத்தான் வரும். அமுதா என் காதருகே வந்து, "அம்மாவ ஒரு தடவ கேட்டுப் பாக்கலாங்களா?" என்றாள். அத்தைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்ப நெனச்சாலும் பல்லு கூசுது.)

அப்போதுதான் போனில் ஒரு எச்சரிக்கை வந்தது. சேமிப்பிடம் நிரம்பிவிட்டதாம். இதை மட்டும் படித்துவிட்டேன். நோய் இதுதான் என்று முடிவு கட்டினேன். இடமில்லாத போன் எப்படிக் கனெக்ட் ஆகும்? தேவையில்லாத படங்களை அழிக்கலாமா என்று மாமனாரிடம் கேட்டேன். "தேவையில்லாததுதானே, அழிங்க மாப்ள" என்றார்.

கல்யாணப் படங்களில் கை வைக்க முடியாது. ரோஜாப்பூவோடு வந்த காலை வணக்கங்களை அழித்தால் அனுப்பிய சொந்தக்காரர்கள் வருத்தப்படலாம். அதற்கு நடுவே ஒரே மாதிரியாகக் காபிக் கலரில் அறுபத்து நான்கு படங்கள். மண், மண், இன்னும் மண். ஓரத்தில் சிலவற்றில் ஒரு விரல். சட்டைப் பையில் போன் தானாக எடுத்துக்கொண்டவை என்று நினைத்தேன். சேதத்துப் படம் என்றால் அதில் எங்காவது ஒரு பன்றி நிற்கும் என்பது என் கற்பனை. மொத்தத்தையும் அழித்தேன். அழித்தவை குப்பைத்தொட்டியில் கிடக்கும் என்பது எனக்குத் தெரிந்த சில விஷயங்களில் ஒன்று. அதையும் காலி செய்தேன்.

மறுபடி சொருகினேன். பச்சை ஏறியது.

அத்தை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். கல்யாணமாகி முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார்.

"மாப்ள, அத இப்படி குடுங்க."

நான் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்த அந்த அறிவிப்பைக் கீழே இழுத்தார். தட்டினார். 'கோப்பு இடமாற்றம்' என்று இருந்ததைத் தொட்டார். லேப்டாப்பில் மாமனார் போன் திறந்துகொண்டது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. மகளிர் குழுக் கூட்டத்துப் படங்களை மாதாமாதம் பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர்தான் என்று அமுதா பிறகு சொன்னாள். மாப்பிள்ளை மனம் நோகுமே என்று காலையிலிருந்து வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

எனக்கு மானம் போனது. பரவாயில்லை, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அத்தை படங்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார்.

"இன்னாங்க, கொல்ல படம் ஒண்ணையும் காணோம்?"

"அறுவத்தி நாலு எடுத்தனே. காலு தடம், நோண்டன குழி, எல்லாம் கிட்டக்க போய் எடுத்தன்."

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன். "மண்ணு மாதிரி இருந்துச்சே... அதுங்களா மாமா?"

"ஆமா மாப்ள" என்றார் அவர், மிகப் பொறுமையாக. "கொல்லையில மண்ணுதான் இருக்கும்."

மறுபடி எடுக்கவும் வழியில்லை. பன்றி கிளறிய பாதியை உழுது உளுந்து விதைத்தாகிவிட்டது. பக்கத்துக் கொல்லையிலும் பன்றி கிளறியிருக்கிறது, அதைப் படம் எடுத்துக்கொள்ளலாமே என்று நான் இழுத்தேன். "அது அவன் சோளம்" என்று அதோடு முடித்துவிட்டார். பிறகு போனைக் கையில் எடுத்துப் பார்த்து, "சார்ஜ் நல்லா நூறு ஏறிக்கிது. வாங்க, சாப்புடலாம்" என்றார். நாட்டுக்கோழிக் குழம்பு. தலை நிமிராமல் தின்றேன்.

மறுநாள் மனு கொடுக்க நானும் கூடப் போனேன். அதிகாரி நன்றாகத்தான் பேசினார். படம் எங்கே என்று கேட்டார். "இருந்துச்சு சார்" என்றார் மாமனார். மருமகன் அழித்துவிட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். படமில்லாத மனுவை அதிகாரி வாங்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் எக்செல் விஷயத்தை ஒப்புக்கொண்டேன். எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாது என்றேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "தெரியும் மாப்ள. ரெண்டாவது கேபிள்லயே தெரிஞ்சிபோச்சு" என்றார்.

மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து போன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மாப்ள, நேத்து மறுபடியும் பன்னி எறங்கிச்சு. மேக்கால மிச்சம் இருந்த சோளம் பூரா போச்சு."

மாமனார் கொல்லையில் பன்றி புகுந்ததைக் கேட்டு நிம்மதியாக மூச்சு விட்ட மருமகன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இந்த முறை படத்தை அத்தையே ஏற்றினார். இரண்டு மாதத்தில் நிவாரணம் வந்தது. மனுவில் பழைய சேதத்தைச் சேர்க்க முடியவில்லை.

ஆறு வருடமாகிறது. வீட்டில் இருக்கும்போது மாமனார் சட்டை போடுவதில்லை. யார் வந்தாலும் தோளில் ஒரு துண்டுதான்; போன் பாட்டுக்குத் திண்ணையில் கிடக்கும். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வருகிறார். மருமகன் மேல் எவ்வளவு மரியாதை பார் என்று புதிதாக வரும் சொந்தக்காரர்கள் வியப்பார்கள். உடனே அமுதா அடக்க மாட்டாமல் சிரித்துவிடுவாள். அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்தச் சட்டையின் பையில், பட்டன் போட்டுப் பத்திரமாக இருப்பது என்ன என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பாள்.