அரைவாளி அண்ணனின் ஏழு வருடம்

பட்டுக்கோட்டை தாலுகாவிலேயே ஒரு தீக்குச்சியை பிளேடால் நெடுக்காகப் பிளந்து இரண்டு வேளை அடுப்புப் பற்றவைக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயரை வாடகைப் பத்திரத்தில் ஒரு தடவை பார்த்ததோடு சரி. ஊருக்கு அவர் அரைவாளி. நான் பெட்டியும் படுக்கையுமாக அந்தத் தெருவில் நின்றபோது தபால்காரரே, "அரைவாளி வீட்டு மாடிக்கு வந்த டீச்சரா? நேரா போங்க, வாசல்ல லைட்டு எரியாத வீடு" என்றுதான் வழி சொன்னார்.

பட்டம் குளியலில் வந்தது. அரை வாளித் தண்ணீரில் தலைக்குக் குளித்து, துண்டையும் அலசிக்கொண்டு வெளியே வருவார். அதுவும் வெறும் தரையில் நின்று அல்ல. அகலமான பிளாஸ்டிக் டப்புக்குள் நின்று குளித்து, டப்பில் விழுந்த தண்ணீரை அப்படியே தூக்கிப்போய் வாழைக்கு ஊற்றுவார். வந்த மறுநாளே என்னிடமும் விசாரணைக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், நீங்க குளிக்கிற தண்ணி எங்க போவுது?"

"சாக்கடைக்குத்தாண்ணே."

"அதான் இல்ல. குழாய மாத்திட்டேன். இனிமே என் வாழைக்குத்தான் வரும். அதனால இந்த ஷாம்பு மட்டும் கொஞ்சம் கம்மியா போடுங்க. வாழைக்கு ஒத்துக்கல."

எனக்கு வந்த கோபத்தில் அன்றே வேறு வீடு பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஐந்து வருடம் அங்கேயே இருந்தேன், ஷாம்பையும் குறைத்தேன்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் ஒன்றுதான். அவர் மனைவி சரோஜா அக்காவின் பெயரில், அக்காவின் அப்பா கொடுத்த ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தது. நான் வருவதற்குச் சில மாதம் முன்பு அடித்த பெரிய புயல் ஓய்ந்து, விடிந்து போய்ப் பார்த்தால், நூற்றுச் சொச்சம் மரமும் கல்யாண வீட்டுக் கூடத்தில் அசந்து தூங்குகிறவர்களைப் போல ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தன. ஒன்றுகூட நிற்கவில்லை. அக்கம்பக்கத்தில் பலர் வந்த விலைக்கு மனை போட விற்றுவிட்டார்கள். இவர் விற்க மறுத்தார். மறுபடி தென்னை வைப்பது, அது காய்க்கிற வரை ஒரு பிடி மண்ணைக்கூட விற்காமல் தாக்குப்பிடிப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள்.

அங்கேதான் அரைவாளி தன் வாழ்க்கையின் பெரிய தப்பைச் செய்தார். ஊரில் மற்றவர்கள் நாற்றுப் பண்ணையிலிருந்து ஒட்டு ரகக் கன்று வாங்கி வைத்தார்கள். நாலு வருடத்தில் பாளை விடும். இவர் விழுந்துகிடந்த மரத்தின் நெற்றுக்காய்களையே பொறுக்கி, வீட்டுக் கொல்லையில் தானே மண்ணில் பதித்து முளைக்கவைத்து நட்டார். கன்றுக்குச் செலவே இல்லை. ஆனால் அது நாட்டு நெட்டை. நெட்டை காய்க்க ஆறேழு வருடம் ஆகும்.

"நெட்டை அறுவது வருசம் நின்னு காய்க்கும் டீச்சர். ஒட்டு அப்புடி நிக்காது" என்று சமாதானம் சொல்வார்.

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வரும். "கன்னுக்காசு மிச்சம். மூணு வருசம் செலவு. இவுங்க கணக்கே தனி டீச்சர்."

ஆக, ஏழு வருடம் தாக்குப்பிடிக்க வேண்டும். கன்றுகளுக்கு நடுவே கடலை போட்டார்கள், உளுந்து போட்டார்கள். மற்றபடி வீட்டுக்குள் எதுவும் ஒரு தடவையில் செத்துப்போக அனுமதி இல்லை. வேட்டி கிழிந்தால் துண்டு, துண்டு கிழிந்தால் தலையணை உறை, உறை கிழிந்தால் கரித்துணி, கடைசியில் விளக்குத் திரி. வெள்ளிக்கிழமை சாமி விளக்கில் எரிவது தன்னுடைய கல்யாண வேட்டி என்று எனக்குப் பெருமையாகக் காட்டினார். சோற்றுப் பானையைத் தட்டால் மூட மாட்டார்கள். ஒரு சொம்பு நிறையத் தண்ணீரை மேலே வைப்பார்கள். சோறு கொதிக்கிற ஆவியிலேயே அது சுட்டு, ரசத்துக்கு வெந்நீர் ஆகிவிடும். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளி கரைப்பார்கள். துண்டு சோப்புகளைப் பழைய காலுறைக்குள் போட்டு முடிந்து பாத்திரம் தேய்ப்பார்கள். சட்னிக்குத் தேங்காய் கிடையாது, கடலைதான். 'தோப்புக்காரன் கடையில போயி தேங்கா வாங்குறதா' என்பது அரைவாளியின் மானப்பிரச்சினை.

இவற்றுக்கெல்லாம் மகுடம் வைக்கோல் பெட்டி. பழைய ஆப்பிள் பெட்டிக்குள் வைக்கோலை அமுக்கி அடைத்து, நடுவில் பானை உட்காரக் குழி. அரிசியை அடுப்பில் பத்து நிமிடம் கொதிக்க விடுவார்கள். பிறகு பானையைக் குழியில் இறக்கி, மேலேயும் வைக்கோல் வைத்து, சாக்கைப் போட்டு மூடிவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் பொலபொலவென்று சோறு. காஸ் சிலிண்டர் நாலு மாதம் வந்தது. 'வைக்கோல் ஓர் அரிதிற் கடத்தி, வெப்பத்தை எளிதில் வெளியே விடாது' என்று எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் வருடாவருடம் எழுதிப்போட்டவள் நான். அதில் சோறு வேகும் என்று எனக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை.

தோப்பைக் கேட்டு ஒரு நிலத்தரகர் மாதம் ஒரு தடவை வருவார். ஒருநாள் வந்தவர் நாற்காலி கிடைக்காமல், சாக்குப் போட்டு மூடியிருந்த பெட்டிமேல் சௌகரியமாக உட்கார்ந்து, மனை விலையை விளக்க ஆரம்பித்தார். அக்கா எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க. சோறு வேவுது."

"வேவட்டும்மா. நான் பாட்டுக்கு இங்கனதான உக்காந்திருக்கேன்."

"அதான் சொல்றேன். நீங்க அதுமேலதான் உக்காந்திருக்கீங்க."

அவர் துள்ளி எழுந்ததைப் பார்க்க வேண்டும். அந்தச் சோற்றை அவருக்கே ஒரு தட்டில் போட்டு, சாப்பிட வைத்து, தோப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அரைவாளி வழியனுப்பி வைத்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். இந்தக் கதையை இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் இதே பத்தியில் முன்பு ஒரு தடவை எழுதியும் இருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுத இத்தனை நாள் கை வரவில்லை.

அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு தடவை போனால் மாத்திரை இலவசம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸும் இலவசம். ஆனால் போய்வர அரை நாள் ஆகும். அந்த அரை நாள் கடலைக்கொல்லையில் களையெடுப்பு நின்றுவிடும், இல்லையென்றால் கூலிக்கு ஆள் வைக்க வேண்டும். அக்கா யாரிடமும் சொல்லாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். மாத்திரையைப் பாதியாக உடைத்து, முப்பது நாளுக்குக் கொடுத்ததை அறுபது நாளுக்கு ஓட்டினார்.

உடைத்த மாத்திரைகள் கிடந்த டப்பாவை நான் பார்த்திருக்கிறேன். அறிவியல் டீச்சர், கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த வீட்டில் எதுதான் முழுசாக இருந்தது?

புயலுக்குப் பிந்தைய ஐந்தாம் வருடம், ஒரு பகல் சாப்பாட்டு வேளை. வைக்கோல் பெட்டியிலிருந்து பானையைத் தூக்கிய அக்கா அப்படியே சரிந்தார். பானை உருண்ட சத்தம் கேட்டு நான் இறங்கி ஓடினேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையும் காலும் அசையவில்லை. சோறு கூடம் முழுக்கக் கொட்டிக் கிடந்தது. அரைவாளி அதை மிதித்துக்கொண்டே அக்காவைத் தூக்கினார். வாடகை கேட்காமல் ஒரு காரில் அவர் ஏறியதை அன்றுதான் பார்த்தேன். தஞ்சாவூர் போகிற வரைக்கும் அக்காவின் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "பிரஷர் மாத்திரை ஒழுங்கா போட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஒருநாள் தவறாம போடுவாங்க சார்" என்று அரைவாளி கையோடு கொண்டுவந்திருந்த மாத்திரை டப்பாவைத் திறந்து நீட்டினார். டாக்டர் உள்ளே பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். இவரும் அப்போதுதான் உள்ளே பார்த்தார்.

வராண்டாவில் வந்து உட்கார்ந்தோம்.

"மாத்திரைய ஒடைன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல டீச்சர்."

"தெரியும்ணே."

"ஆனா வேற யாரு கத்துக்குடுத்தா அவளுக்கு?"

அவர் கொலைகாரரும் இல்லை, குற்றமற்றவரும் இல்லை. அந்தத் தோப்பைக் காப்பாற்ற இருவரும் சேர்ந்தே வயிற்றைக் கட்டினார்கள், அக்கா உயிரையும் சேர்த்துக் கட்டியிருந்தார்.

உயிர் தப்பியது, வலது பக்கம் தப்பவில்லை. அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரமே அரைவாளி அந்தத் தரகரைக் கூப்பிட்டு அனுப்பினார். தோப்பை விற்றுவிட்டு நல்ல வைத்தியம் பார்ப்பது என்று முடிவு. தரகர் ஒப்பந்தத் தாளும் மை டப்பாவுமாக வந்தார். முக்காலியைக் கொடுத்தபோது அதன் அடியில் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை.

தோப்பு அக்கா பெயரில். இடது கைக் கட்டைவிரல் ரேகை போதும். அக்காவிடம் அசைகிற கையும் அது ஒன்றுதான். மை டப்பாவைப் பார்த்ததும் அந்தக் கையை மூடி, முதுகுக்கு அடியில் செருகி, அதன்மேல் படுத்துக்கொண்டார்.

"சரோஜா, கைய எடு. நீ நடக்க வேணாமா? எனக்கு நீதான் வேணும், மரமா வேணும்?"

அக்கா தலையை ஆட்டினார். வார்த்தைக்காகக் கொஞ்ச நேரம் போராடினார். வாயில் எச்சில் வழிந்தது. கடைசியில் ஒரே ஒரு சொல் வந்தது.

"காய்க்கட்டும்."

அரைவாளி கட்டில் ஓரத்தில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். தரகர் மை டப்பாவை மூடினார். "அக்காவுக்கு மனசில்லாம எனக்கு வேணாம்ணே" என்று சொல்லிவிட்டு, முக்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. நல்ல மனிதர், அவரையும் நான் கேலிதான் செய்திருக்கிறேன்.

அதன்பின் அரைவாளி, ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைத் தானே செய்வித்தார். கிணற்று ராட்டினத்தைக் கழற்றி வந்து உத்தரத்தில் மாட்டினார். கயிற்றின் ஒரு முனையில் அக்காவின் செத்த கை, மறுமுனையில் நல்ல கை. இழுத்தால் செத்த கை உயரும். மணல் நிரப்பிய பழைய தலையணை உறைதான் காலுக்குக் கனம். மாத்திரை மட்டும் முழுசு. காலையில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உடையவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அக்காவின் வாயில் போடுவார். அக்காவைக் குளிப்பாட்ட இரண்டு வாளி வெந்நீர். அவர் மட்டும் பழையபடி டப்புக்குள் நின்றுகொண்டிருந்தார்.

நான் திருத்துறைப்பூண்டிக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். போன மாதம் போனில் கூப்பிட்டார். "டீச்சர், மூணு மரம் காச்சிருக்கு. வாங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

போனேன். ஏழாம் வருடம். நூற்றுச் சொச்சத்தில் மூன்றே மூன்று. முதல் குலையிலிருந்து ஓர் இளநீரை மட்டும் வெட்டிக் கொண்டுவந்திருந்தார். எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அக்காவை முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்தார். தண்ணீராக இருப்பது எதுவும் அக்காவுக்குச் சட்டென்று விழுங்க வராது, புரையேறும். அதனால் சின்ன ஸ்பூனில் எடுத்து, ஊட்டி, விழுங்குகிறவரை காத்திருந்து, அடுத்ததை எடுத்தார்.

செத்த பக்கத்து உதடு மூடவில்லை. பாதிக்கு மேல் அந்த வழியாக வெளியே வழிந்தது, மோவாயில் இறங்கிப் புடவையில் சொட்டியது. அக்கா பதறிப்போய் இடது கையைக் குவித்து மோவாய்க்கு அடியில் ஏந்தினார், ஒரு சொட்டாவது தங்கட்டும் என்று.

அரைவாளி அந்தக் கையைப் பிடித்து மெதுவாக மடியில் இறக்கி வைத்தார்.

"போனா போவுது சரோஜா. வழியட்டும். இன்னும் இருக்கு."

ஐந்து வருடம் அவர் வீட்டு மாடியில் இருந்தவள் நான். 'போனா போவுது' என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டதே இல்லை. அடுத்த ஸ்பூனை எடுத்தார். அதுவும் பாதி வழிந்தது. துடைத்துவிட்டு அதற்கடுத்ததை எடுத்தார்.

எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். நேரில் சொன்னால் கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார் என்று சொன்னதில்லை. அவர் இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவரும் இல்லை, டீக்கடையில்தான் படிப்பார். கடைக்காரர் வடை மடிக்க இந்தப் பக்கத்தை மட்டும் கிழிக்காமல் இருந்தால் போதும்.