காகிதம் இல்லாத மேசை

பெட்டியைக் கவிழ்த்து மூன்றாவது முறையாகத் தட்டிப் பார்த்தார் புரூஃப்காரர். புதிதாக எதுவும் விழவில்லை. ஏற்கெனவே விழுந்தவை தரையில் கிடந்தன: டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, வயர்கள், ஓர் இரும்புத் தகடு, நான்கு திருகாணிகள், எப்படி மாட்டுவது என்று சொல்லும் ஒரு சின்னப் புத்தகம். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இரண்டு பிழைகள்.

"மீதிக் கம்ப்யூட்டர் எங்க?" என்றார்.

"அதுதாங்க முழுக் கம்ப்யூட்டரே," என்றாள் மனைவி. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெயரைப் பதியும் ஜன்னலுக்குப் பின்னால் பத்து வருஷமாக உட்கார்ந்திருப்பவள் அவள். "ஸ்கிரீன், கீபோர்டு, மவுஸ் எல்லாம் தனியா வாங்கணும். கடையில சொல்லலையா?"

சொல்லியிருப்பார்கள். கடைக்காரப் பெண் மூச்சுவிடாமல் நிறையத்தான் சொன்னாள். அத்தனைக்கும் தலையாட்டியதில் இதற்கும் ஆட்டியிருப்பார்.

"புரியலைன்னா கேட்டிருக்கலாமே?"

"கேட்டா தெரியாதுன்னு தெரிஞ்சிடுமே."

மனைவி சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஓர் அச்சகத்தில் அவர் முப்பத்தொரு வருஷமாகப் பிழை திருத்துகிறார். எவ்வளவு பெரிய எழுத்தாளராக இருந்தாலும் ஒரு 'க்' விட்டுப்போனால் அவர் மூக்கில் வேர்த்துவிடும். சிவப்புப் பேனாவும் காகிதமும் இருந்தால் போதும், பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிர மாட்டார். போன வாரம்தான் முதலாளி அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

முதலாளியின் மேசையைப் பார்த்துப் புரூஃப்காரர் திடுக்கிட்டுப் போனார். காகிதம் மலையாகக் குவிந்து, எதிரில் நிற்பவருக்கு முதலாளியின் தலை மட்டுமே தெரியும் மேசை அது. இப்போது துடைத்து விட்டதுபோல் இருந்தது. ஒரு ஸ்கிரீன், பக்கத்தில் உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். பழைய முதலாளிதான் இவர் என்று சொல்ல மிச்சமிருந்தது காதில் எப்போதும் செருகியிருக்கும் நீலப் பென்சில் ஒன்றுதான். புத்தகம் அச்சுக்குப் போகுமுன் கடைசியாக ஒரு தடவை முழுக்கப் படித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வழக்கம்.

"இனிமே காகிதமே கிடையாது," என்றார் முதலாளி. "எல்லாரும் மாறியாச்சு, நாம மட்டும் இப்படியே இருந்தா சிரிப்பாங்க. பக்கம் எல்லாம் மெயில்ல வரும். வீட்டுலயே ஸ்கிரீன்ல பார்த்துத் திருத்தி அனுப்பிடுங்க. முடியுமில்ல?"

"முடியும் சார்."

"முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்."

"அதெல்லாம் வேண்டாம் சார். முடியும்."

'வேற ஏற்பாடு' என்ற இரண்டு வார்த்தைகளும் வீடு வரைக்கும் அவர் கூடவே நடந்து வந்தன. ஐம்பத்தேழு வயதில் வேறு எந்த அச்சகம் அவரைச் சேர்த்துக்கொள்ளும்? அவருக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். மறுநாள் கடைக்குப் போனபோது, பெரிய கம்ப்யூட்டர்களை எல்லாம் தாண்டிப் போய் முதலாளி மேசையில் பார்த்த மாதிரியே சின்னதைக் காட்டி "இது" என்றார். பொருள் சின்னதாக இருந்தால் பயமும் சின்னதாக இருக்கும் என்று ஒரு கணக்கு.

மூன்று வழிகளை யோசித்து, கடைசியில் ஹாலில் இருந்த டிவியையே ஸ்கிரீன் ஆக்குவது என்று முடிவானது. கீபோர்டும் மவுஸும் மனைவி வாங்கி வந்தாள். பிரச்சினை என்னவென்றால், டிவி மாமனாருடையது. அதாவது, அவர் வாங்கியதில்லை. ஆனால் காலை ஆறு மணியிலிருந்து அதன் எதிரே சோபாவில் ஒருக்களித்துப் படுத்துச் செய்தி பார்ப்பவர் அவர்தான்.

"மாப்பிள்ளை, செய்தி எங்க போச்சு?" என்றார் மாமனார்.

"ஒரு பத்து நிமிஷம் மாமா."

திரையில் ஒரு நீண்ட ஒப்பந்தம் வந்து நின்றது. கீழே 'சம்மதம்' என்று ஒரு பொத்தான். புரூஃப்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் கழித்து மனைவி வந்து பார்த்தபோது பதினோராவது பத்தியில் இருந்தார்.

"இதை யாருங்க படிப்பாங்க? சம்மதத்தை அமுக்குங்க."

"எப்படிச் சம்மதிக்கிறது? ஏழாவது பத்தியில எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை. நாளைக்கு ஏதாவது வழக்குன்னு வந்தா?"

மனைவி குனிந்து மவுஸை ஒரு தட்டுத் தட்டினாள். ஒப்பந்தம் மறைந்தது.

"படிக்காமயே சம்மதிச்சிட்டியே," என்றார் அவர்.

"கல்யாணத்துக்கே அப்படித்தாங்க சம்மதிச்சேன்."

சோபாவிலிருந்து மாமனாரின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மிச்சமிருந்த இரும்புத் தகடு அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. சின்னப் புத்தகத்தைப் பிழைகளோடு பொறுத்துக்கொண்டு படித்ததில், கறுப்புப் பெட்டியை டிவிக்குப் பின்னால் மாட்டுவதற்கு அது என்று தெரிந்தது. மாட்டினார். நான்கு திருகாணிகளையும் பலம்கொண்ட மட்டும் முறுக்கினார். டிவியைச் சுவரோடு தள்ளிவிட்டு நிமிர்ந்த பிறகுதான், கம்ப்யூட்டரை முடுக்கும் பொத்தானும் பின்னால் போய்விட்டது தெரிந்தது. சுவருக்கும் டிவிக்கும் நடுவில் கை போகவில்லை. திருகாணியைக் கழற்றலாம் என்றால் அதுவும் அசையவில்லை.

"தள்ளுங்க மாப்பிள்ளை," என்று மாமனார் தன் கைத்தடியைச் சந்துக்குள் நுழைத்து ஒரு குத்துக் குத்தினார். விளக்கு எரிந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் மாமனார் மனசு வைத்தால்தான் விழிக்கும் என்றாகிவிட்டது.

திங்கட்கிழமை முதல் அத்தியாயம் வந்தது. வீட்டுத் தோட்டம் போடுவது பற்றிய புத்தகம். டிவியில் ஒவ்வொரு எழுத்தும் எலுமிச்சங்காய் பருமனுக்குத் தெரிந்தது. புரூஃப்காரர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வரி போவதற்குள், மாமனார் நாலாவது வரியைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"தக்காளிக்கு தினமும் தண்ணி ஊத்தக் கூடாதாம் மாப்பிள்ளை. தெரியுமா?"

"மாமா, கொஞ்சம் மனசுக்குள்ள படிங்க."

அதைச் சொல்லத் திரும்பியபோது கீபோர்டில் எதையோ சேர்த்து அமுக்கிவிட்டார். பக்கம் முழுவதும் அப்படியே திரும்பிப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. அவர் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினார். எழுத்து இன்னும் பெரிதாயிற்றே தவிர எழுந்து நிற்கவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தார். கழுத்து வலித்தது.

"எதுக்கு மாப்பிள்ளை மாத்தறீங்க? எனக்கு இப்பத்தான் நேராத் தெரியுது," என்றார் படுத்திருந்த மாமனார்.

வேறு வழியில்லாமல் புரூஃப்காரரும் தரையில் பாயை விரித்து ஒருக்களித்துப் படுத்தார். மனைவி வேலை முடிந்து வந்தபோது, அப்பா சோபாவிலும் கணவர் பாயிலும் ஒரே பக்கமாகப் படுத்துக் கத்திரிச் செடியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு போன் போட்டுக் கேட்டு, இரண்டு பொத்தான்களை அமுக்கிப் பக்கத்தை நிமிர்த்தினாள்.

"எத்தனை பிழை பிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

அவர் பத்துப் பக்கம் படித்திருந்தார். ஒரு பிழைகூட அகப்படவில்லை. அது நல்ல செய்தி இல்லை என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தோட்டப் புத்தக ஆசிரியர் போன புத்தகத்தில் பக்கத்துக்கு ஆறு பிழை விட்டவர்.

மறுநாள் நாற்காலியில் நேராக உட்கார்ந்து மறுபடி படித்தார். பொருள் எல்லாம் புரிந்தது. பிழை மட்டும் கண்ணில் படவில்லை. கண் வரிகளின்மேல் வழுக்கிக்கொண்டே போயிற்று. காகிதமாக இருந்தால் பேனா முனை ஒவ்வொரு சொல்லின் அடியிலும் நின்று நின்று போகும். எங்கே கை தயங்குகிறதோ அங்கே பிழை இருக்கும். இத்தனை வருஷமும் தனக்குக் கண் கூர்மை என்று எல்லோரும் சொன்னதை அவரும் நம்பிக்கொண்டிருந்தார். கூர்மை கையில் அல்லவா இருந்திருக்கிறது. கம்ப்யூட்டர் தெரியாதது பெரிய விஷயமில்லை, கற்றுக்கொள்ளலாம். தனக்குத் தெரிந்த ஒரே வேலையும் தெரியாமல் போய்விட்டதே.

சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் சொன்னார். அவள் கேலி செய்யவில்லை.

"அப்போ காகிதத்துல பிரிண்ட் எடுத்துப் படிங்க. நீங்க சொல்லச் சொல்ல ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி நான் ஸ்கிரீன்ல ஏத்திடறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் அத்தியாயத்தை ஏற்றிக் கொடுத்த பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் கிளம்பினார். அச்சகத்துக்குப் பக்கத்திலேயே நான்கு நகல் கடைகள் உண்டு. யார் கண்ணிலாவது பட்டால் மானம் போய்விடும். பஸ் நிலையம் தாண்டி, பழைய சாமான் கடைகளுக்குப் பின்னால், அச்சக ஆள் எவரும் எட்டிப் பார்க்காத ஒரு தெருவில் ஒரு கடையைத் தேடிப் பிடித்தார். கல்லாவில் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி.

"ஒரு செட்டா, ரெண்டு செட்டா?" என்றாள்.

"ஒண்ணு போதும்மா. யாராவது கேட்டா நான் வந்ததாச் சொல்லாதீங்க."

"இங்க வர்றவங்க பாதிப் பேர் அதைத்தான் சார் சொல்றாங்க," என்றாள் அவள் நிமிராமலே.

சூடு ஆறாத காகிதத்தை மடியில் வைத்துச் சிவப்புப் பேனாவைத் திறந்ததும் அவருக்கு உயிர் வந்தது. முதல் பக்கத்திலேயே ஏழு. அத்தியாயம் முழுக்கத் தொண்ணூற்றிரண்டு. ஒரே ஒரு மனக்குறை மாமனாருக்குத்தான். "கத்திரிக்கா பாதியிலயே நிக்குது மாப்பிள்ளை. பூச்சி விழுந்ததா இல்லையா?" என்று தினமும் கேட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தபோது முதலாளியிடமிருந்து போன் வந்தது.

"பிரமாதம். ஸ்கிரீனுக்கு மாறினதும் உங்க கண்ணு இன்னும் கூர்மையாயிடுச்சு. இனிமே சமையல் புத்தகமும் உங்களுக்கே அனுப்பச் சொல்லிட்டேன்."

அன்று முதல் இரட்டை வேலை. அவர் பஸ் நிலையத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் டிவியைப் பார்த்துத் திருத்தம் ஏற்றினாள். அவள் கண் சிவந்திருப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று அவர் சொன்னாலும் அவள் கேட்கவில்லை.

புதன்கிழமை மறுபடி போன்.

"வெள்ளிக்கிழமை காலையில ஆபீசுக்கு வந்துடுங்க. ஸ்கிரீன்ல எப்படித் திருத்தறதுன்னு மத்தவங்களுக்கு என் அறையில உட்கார்ந்து செஞ்சு காட்டணும். நானும் பார்க்கிறேன்."

போனை வைத்துவிட்டு அவர் விஷயத்தைச் சொன்னார்.

"காய்ச்சல்னு சொல்லிடுங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காய்ச்சல் வருமா மாமா?"

மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உண்மையைச் சொல்லிடுங்க. பிழையைப் பிடிச்சது நீங்கதானே? எதுல பிடிச்சா என்ன?"

"காகிதமே கிடையாதுன்னு சொல்லிட்டாரே. அந்த மேசையை நீ பார்க்கலை. முப்பத்தொரு வருஷம் அடுத்தவங்க பிழையைக் காட்டியே சாப்பிட்டேன். இப்ப என் பிழையை நானே கொண்டுபோய்க் காட்டணும்."

"காட்டுங்க. நீங்க சிவப்புல சுழிச்சதுக்காக எந்த எழுத்தாளராவது செத்தா போயிட்டார்?"

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். முடிவு செய்த பிறகும் 'வேற ஏற்பாடு' என்று முதலாளி எந்தக் குரலில் சொல்வார் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தது மனசு.

வியாழக்கிழமை சாயங்காலம் தோட்டப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தோடு நகல் கடைக்குப் போனார். வேலை போகிறதென்றாலும் எடுத்த புத்தகத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

"ஒரு செட்டா, ரெண்டு செட்டா?" என்றாள் கடைக்காரப் பெண்மணி.

தினமும் கேட்கும் கேள்விதான். இன்றைக்கு அவருக்குச் சுருக்கென்றது.

"ஏம்மா, நான் என்னைக்காவது ரெண்டு கேட்டிருக்கேனா? எதுக்குத் தினமும் இதையே கேக்கறீங்க?"

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து, இயந்திரத்திலிருந்து வந்துகொண்டிருந்த பக்கங்களைக் காட்டினாள்.

"இல்ல சார், நீங்க எடுத்துட்டுப் போனா ரெண்டு நாள் கழிச்சு இதே கத்திரிக்கா, தக்காளிப் புஸ்தகத்தை எடுக்க இன்னொருத்தர் வர்றாரு, ஸ்கிரீன்ல படிச்சா ஒண்ணும் ஏறமாட்டேங்குது, ஆபீஸ்ல தெரிஞ்சா மானம் போயிடும்னு பாவம், உங்களை மாதிரியே பயந்து பயந்துதான் வந்துட்டுப் போறாரு, காதுல நீலப் பென்சிலைச் செருகிக்கிட்டு."