கிழக்கு கேபினின் பதில்

டாக்டர் சிக்னல் மணியை மூன்று முறை அடித்தார். அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த கிழக்கு கேபினிலிருந்து ஆறு முறை பதில் வந்தது.

சுவரில் மாட்டியிருந்த அட்டைப்படி மூன்று என்றால், 'வண்டியை அனுப்பலாமா?' அனுப்பலாமென்றால் அங்கிருந்தும் மூன்று வரவேண்டும். ஆறு என்றால் 'அபாயம், நிறுத்து.'

ரயில் அருங்காட்சியகத்தின் நூறு வயது சிக்னல்களைத் தன்னார்வலர்கள் எட்டு மாதம் பாடுபட்டுச் சீர்செய்து, இன்றுதான் முதன்முதலாகப் பார்வையாளர்களை டிராலியில் ஏற்றியிருந்தார்கள். மேற்கு கேபின் டாக்டர் பொறுப்பு. கிழக்கு கேபின் அவர் மனைவி பொறுப்பு. டாக்டர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். எதிராளி வாயைத் திறந்தாலும் பதில் பேச முடியாத தொழிலில் முப்பது வருடம் இருந்தவர். வீட்டில் அந்த வசதி இல்லை.

நேற்று துருப்பிடித்த சிக்னல் கப்பி ஒன்றை அவர் சமையலறைக் குக்கரில் போட்டு வேகவைத்திருந்தார். அதிலிருந்து மனைவி பேசவில்லை. காலையில் டாக்டர் சத்தம் காட்டாமல் முன்னால் கிளம்பி வந்துவிட்டார்.

"என்ன டாக்டர், சிக்னல் விழலையே," என்றார் கீழே நின்ற டிராலிக்காரர். "சனங்க வெயில்ல உக்காந்திருக்காங்க."

கேபினுக்குள் செல்போன் கூடாது, மணி அடிப்பவர் இடத்தை விட்டு நகரக்கூடாது. இரண்டும் டாக்டரே எழுதிய விதிகள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, 'நாளைக்கே புதுக் குக்கர்' என்று எழுதினார்.

"இதக் கொஞ்சம் அங்க குடுத்துட்டு வாப்பா."

பேச்சுவார்த்தை இல்லாத நாட்களில் மனைவியை அவர் 'அங்க' என்றுதான் சொல்வார்.

டிராலிக்காரர் போய்விட்டு வந்தார்.

"படிச்சாங்களா?"

"திருப்பித் திருப்பிப் படிச்சாச்சு. அப்புறம் மடிச்சுப் பையிலயும் வச்சாச்சு."

"கோபமா இருந்தாங்களா?"

"கோபமா? ஒரே சிரிப்பு."

அந்தச் சிரிப்பை டாக்டர் அறிவார். மூன்று அடித்தார். ஆறு வந்தது.

அருங்காட்சியகச் செயலாளர் படியேறி வந்தார். "என்ன சார், ஏதாவது கோளாறா?"

"கம்பியில எல்லாம் கோளாறு இல்ல," என்றார் டாக்டர்.

"பின்ன எதுல?"

டாக்டர் இரண்டாவது சீட்டு எழுதினார்: 'படுக்கையறையில் இருக்கும் சிக்னல் கையை இன்றே எடுத்துவிடுகிறேன். விளக்குகளையும்.' பழைய சிக்னல் கம்பம் ஒன்றின் நாலடி நீளச் சிவப்புக் கை அது. ராத்திரி அதில் இடித்துக்கொள்ளாத ஆளே அந்த வீட்டில் இல்லை. எழுதும்போது அவருக்குக் கண் கலங்கியது.

அதற்கும் ஆறு. இந்தத் தடவை கொஞ்சம் உற்சாகமாகவே அடித்தது போலிருந்தது.

டிராலியிலிருந்து இரண்டு குடும்பங்கள் இறங்கி, வாசலைப் பார்த்து நடந்தன. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் அஞ்சு நிமிஷம் சார். அப்புறம் இந்த மணி, சிக்னல் எல்லாத்தையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிடலாம். எட்டி நின்னு பாத்துட்டுப் போகட்டும்."

எட்டு மாத உழைப்பு டாக்டரின் கண்முன் பெட்டிக்குள் போனது. இனி ஒன்றுதான் பாக்கி. மனைவி மூன்று வருடமாகக் கேட்டு, அவர் மூன்று வருடமாகக் காதில் வாங்காத விஷயம். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: 'மாடி அறையைக் காலி செய்து தருகிறேன். உன் தம்பி எத்தனை நாள் வேண்டுமானாலும் வந்து தங்கட்டும்.'

டிராலிக்காரர் சீட்டோடு ஓடினார். அவர் கிழக்கு கேபின் படியேறி உள்ளே போகும்வரை பார்த்திருந்துவிட்டு, டாக்டர் மணியை மூன்று முறை அடித்தார்.

டங். டங். டங்.

நாலாவது வரவில்லை.

நெம்புகோலை இழுத்தார். கம்பத்தின் உச்சியில் சிவப்புக் கை பதவிசாகச் சாய்ந்தது. மிச்சமிருந்த பார்வையாளர்கள் கைதட்டினார்கள். செயலாளர், நடந்து போன குடும்பங்களைத் திரும்பக் கூப்பிட ஓடினார். தோற்றாலும் வீட்டில் சமாதானம் ஆயிற்றே என்று டாக்டருக்கு நெஞ்சு லேசானது.

மூச்சு வாங்கத் திரும்பி வந்த டிராலிக்காரரிடம், "அங்க கோபம் தணிஞ்சுடுச்சு போல," என்றார்.

"யாருக்கு டாக்டர் கோபம்? அம்மா இன்னிக்கு வரவே இல்லையே. அவங்களுக்குப் பதிலா அவங்க தம்பிதான் வந்து உக்காந்திருந்தாரு. மொத ஆறு தெரியாம அடிச்சதாம், அதுக்கு ஒரு சீட்டு வந்ததும் விடாம அடிச்சுப் பாத்தாராம். கடைசிச் சீட்டைப் படிச்சதும் மூணு அடிச்சுட்டு, பெட்டி கட்டணும்னு கிளம்பிட்டாரு."