சியெஸ்தா தூக்கமில்லை, மச்சான்

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் ஹசிந்தோ அவர்களுக்கு, லா பாந்தாவிலிருந்து உங்கள் தங்கை புருஷன் எவரிஸ்தோ எழுதுவது. நான் நலமில்லை. நீங்களும், ஃப்ரியாஸில் உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் என் மனைவி நிகோலாசாவும் நலமாயிருக்க மைலின் ஊர் ஆண்டவர் அருளட்டும்.

உங்கள் தங்கையை முதல் பஸ்ஸில் ஏற்றி அனுப்புங்கள். நான் ஒரு தப்பும் பண்ணவில்லை. எல்லாம் அந்தத் தூக்க டாக்டர் மான்ஸூரால் வந்த வினை. ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறேனே என்று போனேன். "ஊருக்கெல்லாம் ஒரே மாத்திரை கொடுக்கிற ஆள் நானில்லை, ஆளைப் பார்த்துத்தான் வைத்தியம்" என்று மண்டையெல்லாம் ஒயர் ஒட்டினார். எவ்வளவு நேரம் தூங்குவீர்கள் என்றார். ஐந்து மணி நேரம் என்றேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வெயில் தாழும்வரை சியெஸ்தா போடுவதைச் சொல்லவில்லை. அவர் கேட்டது தூக்கத்தை. சியெஸ்தா தூக்கமா மச்சான்? அது சியெஸ்தா.

மாத்திரை தந்தார். சூப்பில் மூக்கை விட்டுத் தூங்கினேன். பிறகு சியெஸ்தா விஷயம் தெரிந்ததும் மனுஷன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. "மதியம் படுக்கவே கூடாது, வெளியே நடங்க. இது உங்களுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச வைத்தியம்" என்றார். ஊரே கதவடைத்துப் படுத்திருக்க, நாய்கூட நிழலைவிட்டு வராத வெயிலில் நான் மட்டும் தெருத்தெருவாய் நடந்தேன். சியெஸ்தா வேளையில் திரிகிற ஆம்பளை எதற்குத் திரிகிறான் என்று நம் ஊரில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். எதிர்வீட்டு தெலியா ஜன்னல் இடுக்கில் பார்த்துவிட்டு வத்தி வைத்துவிட்டாள். "எவ வீட்டுக்குப் போறீங்க?" என்று உங்கள் தங்கை கேட்க, "டாக்டர்தான் போகச் சொன்னார்" என்று நான் உளற, அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இந்த வயசில், இந்த முட்டிவலியோடு எனக்கு ஒருத்தியா? வயிறெரிகிறது மச்சான். அளவெடுத்துத் தைத்தானாம், அவன் கையில் கட்டி முளைக்க! இப்போது ராத்திரியும் தூக்கமில்லை, மதியமும் இல்லை. மத்தே டீ போட்டால் ஒரே குவளையைக் கை மாற்றிக் குடிக்க ஆளில்லை. அவளில்லாமல் வீடு வீடாயில்லை. அண்ணன் நீங்கள் சொன்னால் கேட்பாள்.

உங்கள் ஆடுகளும் பேரப்பிள்ளைகளும் பெருகட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
எவரிஸ்தோ

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது நிகோலாசா போன் பண்ணினாள். "நீங்க யாரையும் வச்சிருக்கலன்னு எனக்குத் தெரியும். உங்கள எவ சேர்ப்பா? கோவமெல்லாம் இல்ல. இங்க படுத்ததும் தூக்கம் வருது, அவ்வளவுதான்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித் தூங்கியதே இல்லையாம். அனுப்ப வேண்டாம் மச்சான். பிள்ளைகளையும் சத்தம் போடாமல் விளையாடச் சொல்லுங்கள்.