ஷெரோமியின் உயரத்தில் ஒரு மெழுகுதிரி

அன்பும் மரியாதையும் உள்ள பேர்ணடெற் அக்காவுக்கு,

கொட்டாஞ்சேனையிலிருந்து தம்பி பேர்னாட் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முழங்காலும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் அத்தான் ஸ்பீக்கரில் போட்டு நீர்கொழும்பு முழுக்கக் கேட்க வைப்பார்.

விசயம் என்னவென்றால், என் மகள் ஷெரோமி பந்து விளையாட்டை விட்டுவிட்டாள். பதினாலு வருசத்துக்கு முன்பு, அவள் அடித்த பந்து பக்கத்து வீட்டு ரெனால்டின் ஜன்னல் கண்ணாடியை மூன்றாம் தடவை உடைத்த அன்று நீங்கள்தானே சொன்னீர்கள், "தம்பி, பெட்டை பந்தை விட்டால் அவளின்ர உயரத்துக்கு மெழுகுதிரி ஏத்துறன் எண்டு அந்தோனியாருக்கு நேத்தி வை" என்று. வைத்தேன். அவருக்கு ஆயிரம் வேலை. என் மனுவைக் கையில் எடுப்பதற்குள் ஷெரோமி இலங்கை டீமுக்குக் கோல்கீப்பராகி, காத்மண்டு, டாக்கா என்று பறக்கத் தொடங்கிவிட்டாள். கொழும்பில் அவளுடைய முதல் சர்வதேச மெட்ச் ஞாபகமா? பொரளையில் மரணவீடு என்று நான் வேலை செய்யும் ஹாபர் ஒபிசில் பொய் சொல்லிவிட்டுப் போனேன். ஏழு கோலில் தோற்றோம். மறுநாள் ஒபிஸ் பெரியவர், "யார் ஐசே செத்தது?" என்று கேட்க, "எங்கட டீம்தான் சேர்" என்று உளறிவிட்டேன். ஏழு கோல் விட்டவள் என்று ஊர் சிரித்தது. அவள் பிடித்ததை நான் மட்டும் எண்ணினேன், பதினாறு. என்ன காலம் அக்கா அது!

போன கிழமை வந்து, "டடி, தோள் நோவோட இனி ஏலாது. விலகுறன் எண்டு கடிதம் குடுத்திட்டன்" என்றாள். கையுறையை இருதயநாதர் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். சந்தோசப்பட வேண்டியவன் நான், எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேத்தி நேத்திதானே. மெழுகுதிரிக்காரத் தில்லைநாதன் அளவு கேட்டார். நேத்தி வைத்தபோது நாலடி ஆறங்குலம், இப்போது ஐந்தடி ஏழு. பழைய அளவு போதாதா என்றேன். "அந்தோனியாரையே ஏமாத்தப் போறீங்களோ?" என்றார். பகல் நித்திரையில் கிடந்தவளை நாடாவால் அளக்கும்போது கண் முழித்துவிட்டாள். எல்லாவற்றையும் கக்க வேண்டியதாயிற்று.

"ஒவ்வொரு மெட்சுக்கு முந்தியும் நீங்கள் கோயிலுக்குப் போனது, நான் விளையாட்டை விடவேணும் எண்டு கேக்கவா டடி?"

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. "முதல் வருசம் மட்டும்தான் மகள். பிறகு போனதெல்லாம், அந்தோனியாரே, அவசரமில்லை, ஆறுதலாப் பாருங்கோ எண்டு சொல்ல."

சிரித்தாள், பிறகு அழுதாள், நானும் அழுதேன்.

மெழுகுதிரி வீட்டுக்கு வந்துவிட்டது. ஓட்டோவில் அதன் தலை வெளியே நீட்டிக்கொண்டு வந்ததை றோட்டே பார்த்தது. செவ்வாய்க்கிழமை அந்தோனியாரின் நாள், கட்டாயம் வாருங்கள் அக்கா. தனியாக ஏற்ற எனக்குக் கை வராது. அத்தானுக்குத் தோத்திரம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

பாசமுள்ள தம்பி,
பேர்னாட்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை தேடும்போது பார்த்தேன், ஆணியில் கையுறை இல்லை. ஷெரோமி வாசலில் சப்பாத்துக் கட்டுகிறாள். "குடுத்த கடிதத்தைத் திருப்பி வாங்கப்போறன் டடி. இன்னும் ஒரு வருசம் பாப்பம்." ஆகையால் நீங்கள் வரவேண்டாம். திரி அலுமாரிக்குப் பின்னால் நிற்கட்டும். நான் இப்போதே கோயிலுக்குப் புறப்படுகிறேன், அந்தோனியாரிடம் வழக்கமானதைச் சொல்ல.