சீர் கார் பாஸான விவரம்

கொழிஞ்சாம்பாறை,
மார்கழி 28

கிணத்துக்கடவு மாமா மாரப்பன் அவர்களின் சமூகத்துக்கு மருமகன் மோகனசுந்தரம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் மகள் மருதாத்தாளும் நலம். கார் நலமா என்று மூன்று தடவை போன் செய்தீர்கள், எங்களை விசாரிக்கவில்லை. ஆகவே காரைப் பற்றியே எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் சிரிப்பீர்கள்.

தை ஐந்தாம் தேதி மச்சினன் அர்த்தநாரிக்குக் கல்யாணம். முந்தின நாள் இணைச்சீருக்கு மாப்பிள்ளையோடு உட்கார வேண்டிய ஒரே அக்கா மருதாத்தாள். எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் சீராகக் கொடுத்த காரில்தான் உங்கள் வாசலில் வந்து இறங்குவேன், இல்லையென்றால் வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். (அந்தக் காரை நான் கேட்டதில்லை என்பது தங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடம் தூரம் என்று மூன்று தடவை சொன்னேன், அவ்வளவுதான்.) போன ஆவணியில் ஒரு விருந்துக்குப் பஸ்ஸில் போனதற்கு, "காரை வித்துப்போட்டீங்களா?" என்று பந்தியில் பதினோரு பேர் கேட்டார்களாம். காருக்கோ பதினைந்து வயது முடிந்துவிட்டது. சோதனையில் தேறி மறுபதிவு ஆனால்தான் இனி ரோட்டுக்கு வரலாம்.

முதல் சோதனையில், மேட்டில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். இழுத்தேன். என் மாணவர்கள் என் பேச்சைக் கேட்கும் அளவுக்குக் காரும் கேட்டது. மெல்லப் பின்னால் உருண்டு அவருடைய நாற்காலியை வேலியோடு சாய்த்தது. நல்லவேளை, அவர் அதில் இல்லை. பிறகு முன்பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். இடது பக்கம் தூளி போல ஆடிக்கொண்டே இருந்தது. "மாஷே, ஷாக் அப்சார்பரும் போயி, ஹேண்ட் பிரேக்கும் போயி. சரியாக்கிட்டு வரூ" என்றார். இங்கே வாத்தியாருக்கு மாஷ் என்றுதான் பெயர்.

சந்தைப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சிக்கந்தரிடம் விடச் சொன்னாள் மருதாத்தாள். பதினெட்டு வருஷமாக ஸ்ப்ரிங்கின் விதியைக் கரும்பலகையில் நிரூபித்து வரும் இயற்பியல் ஆசிரியன், ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஒரு ஸ்ப்ரிங் மாட்ட ஆள் கூப்பிடுவதா? நானே மாட்டுவேன் என்றேன். "ஏனுங்க, போர்டுல எழுதற ஸ்ப்ரிங்கு மேல வந்து உழுகாதுங்க. இது உழுகும்" என்றாள். விழவில்லை. தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்த ஸ்ப்ரிங், கயிறு அறுந்ததும், விதிப்படி எவ்வளவு அமுக்கினேனோ அவ்வளவுக்கு எகிறி மாட்டுக் கொட்டகை ஓட்டைத் துளைத்துக்கொண்டு மேலே போனது. மூன்றாம் நாள் ஒருவழியாக இடது பக்கத்துக்குப் புது ஷாக் அப்சார்பர் போட்டேன். அன்றிலிருந்து கார் வலது பக்கம் சாய்ந்து, பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக் கேட்பது போல நிற்கிறது. பிறகு கைப்பிரேக். அதன் கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தது. கடை எண்ணெயை நம்ப முடியுமா? நம் தோப்புத் தேங்காயைச் செக்கில் ஆட்டிய எண்ணெயைக் கேபிளுக்குள் கால் படி இறக்கினேன். மத்தியானம் இழுத்துப் பார்த்தால் வெண்ணெய் போல வந்தது, போனது.

இரண்டாவது சோதனை, மார்கழிக் குளிரில் காலை ஏழரை மணிக்கு. மேட்டில் நிறுத்திப் பலமாக இழுத்தேன். கார் மலை போல நின்றது. இன்ஸ்பெக்டர் தள்ளினார், இன்னும் இரண்டு பேர் சேர்ந்து தள்ளினார்கள். அசையவில்லை. "கொள்ளாம் மாஷே! இனி வண்டி எடுத்தோ" என்று மெச்சினார். கைப்பிரேக்கை இறக்கினேன். அப்போதும் கார் மலை போலவே நின்றது. பின்னால் ஏழு ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. மருதாத்தாள் என்னைக் கேட்காமல் சிக்கந்தருக்குப் போன் போட்டாள். அவர் வந்து குனிந்து, கேபிள் முனையைத் தொட்டு, விரலை முகர்ந்தார். "மாஷே, இது தலைக்குத் தேய்க்கற எண்ணெயில்லியா? குளிருக்குக் கட்டியாப் போச்சு. வெயில் வரட்டும். அவசரம்னா ஒரு சீப்பு குடுங்க, வாரி விடறேன்." கேபிளை இழுப்பதற்கு என் கை இருந்தது, திருப்பி விடுவதற்கு ஒரு சின்ன ஸ்ப்ரிங்தான் இருந்தது என்பதை அங்கிருந்தவர்களுக்கு விளக்கினேன். யாரும் குறிப்பெடுக்கவில்லை. பத்தேகாலுக்கு வெயில் ஏறியது. கார் தானாக இளகியது. "பிரேக் இல்லான்னு எழுத முடியாதல்லோ" என்று முனகியபடி இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

ஆக, எவன் கையும் படாமல் கார் பாஸ். கேபிளை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் சிக்கந்தர். வெயில் காய்கிற ஊரில் புதுக் கேபிள் எதற்கு? நாலாம் தேதி காலை நான் ஓட்ட, மருதாத்தாள் தங்கள் வாசலில் இறங்குவாள். சமதளமாக, கிழக்குப் பார்த்து, நிழல் விழாத இடம் ஒன்றை ஒதுக்கி வைக்கவும். அத்தைக்கு என் வணக்கம். அர்த்தநாரிக்கு ஆசீர்வாதம், சீராக எது வந்தாலும் பதினைந்து வருஷம் தள்ளி யோசித்து வாங்கச் சொல்லவும்.

தங்கள் அன்பு மருமகன்,
மோகனசுந்தரம்

பி.கு.: உறை எடுக்க எழுந்து போனேன். கொட்டகையில் காரைக் காணோம். எண்ணெய்ச் செம்புக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது: "நீங்க பள்ளிக்கூடம் போனப்ப கேபிளு சிக்கந்தர் அண்ணன் மாத்திக் குடுத்தாச்சுங்க. வலப்பக்க ஷாக் அப்சார்பரும் போட்டாச்சு. அப்பன் ஊட்டுல கல்யாண வேலை கெடக்குது. நானே ஓட்டீட்டுப் போறனுங்க. நீங்க நாலாந்தேதி பஸ்ஸுல வாங்க." அவளிடம் லைசென்ஸ் இருப்பது எனக்குப் பதினொரு வருஷமாகத் தெரியும். ஓட்டவும் தெரியும் என்பதுதான் தெரியாது. ஆகவே மேலே எழுதியதில் வணக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துவிடவும். நாலாம் தேதி பஸ் ஸ்டாப்புக்குக் காரைக் கொண்டு வரும்படி மருதாத்தாளிடம் தாங்களே சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டாள். தங்கள் வாசலில் நானும் காரில்தான் இறங்க வேண்டும். பந்தியில் கேட்பார்கள்.